ஹேமாவுக்கு ஒரு சிங்கப்பூர் கயிறு

1

செல்போன் அடித்தது.

திரையில் பெயர் வரவில்லை. எண் மட்டும். அந்த எண்ணுக்கு இளமாறன் பெயர் வைக்கவே இல்லை.

கடைக்குள் ஒரு தம்பதி பீரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். அவன் அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் பட்டறைக்குப் போனான். இழைப்பு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் என்ன பேசினாலும் வெளியே கேட்காது.

"சொல்லு செம்மலை."

"பொருள் வந்துருச்சுண்ணே."

"எங்க வரணும்?"

"குன்றக்குடி. அடிவாரத்துல கார் நிறுத்துற எடம். சாமி கும்பிட வந்த மாதிரி வாங்க. மொட்டை போட்டுக்கிட்டு வந்தாலும் சரிதான்!"

"விளையாடாத."

"நானா வெளையாடுறேன்? பொண்டாட்டி பொறந்தநாளுக்கு சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறவுக நீங்க. ரெண்டு பேரா போயி ஒத்தையா திரும்பப் போறவுகளும் நீங்க..."

இளமாறன் போனை அணைத்தான்.

நிமிர்ந்து பார்த்தான். பட்டறைச் சுவரில் மாமனாரின் படம். மாலை வாடியிருந்தது. தச்சு வேலையில் தொடங்கி மாடுலர் கிச்சன் வரை வந்த மனிதர். கடை, கிடங்கு, வீடு... எல்லாவற்றையும் மகள் ஹேமாவதி பெயரில் எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

சாவதற்கு முன்னால் மருமகனைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள்!

கோயம்புத்தூரில் ஒருத்தி காத்திருந்தாள். இனிமேலும் காத்திருக்க முடியாது என்று சொல்லியிருந்தாள்.

விவாகரத்து கேட்டால் உடுத்திய வேட்டியோடு தெருவில் நிற்க வேண்டும். மனைவி செத்துப்போனால் அப்படி இல்லை.

காரைக்குடியில் கொன்றால் காரைக்குடி பேசும். வேலைக்காரி பேசுவாள். பிரேதப் பரிசோதனை பேசும்.

ஆனால்... ஒரு அரசாங்கமே அவளைக் கொன்றால்?

சட்டப்படி. நீதிபதி முன்னால். கயிற்றில்!

2

குன்றக்குடி அடிவாரத்தில் ஒரு வேனின் கூரைமேல் மயில் உட்கார்ந்திருந்தது.

செம்மலை நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். பழைய கதவு, தூண் புரோக்கர். வேறு சில சாமான்களுக்கும் அவன்தான் புரோக்கர். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு பாக்கெட்.

இளமாறன் எட்டிப் பார்த்தான். மில்லில் மாவு கட்டிக் கொடுக்கிற சாதாரண பிளாஸ்டிக் கவர். வெள்ளையாக, மிருதுவாக.

"மாவு மாதிரியே இருக்கு."

"மேல மாவுதான். உள்ளதான் சங்கதி."

"அந்த ஊர்ல இதுக்கு..."

"தூக்கு." செம்மலை தேங்காய்ச் சில்லைக் கடித்தான். "பொம்பளைன்னு பாக்க மாட்டான். பொறந்தநாள்னும் பாக்க மாட்டான்."

"நம்ம திருச்சி ஏர்போர்ட்லயே மாட்டிட்டா?"

"மாட்டாது. மாட்டுனாலும் உள்ள போவா, என்னைக்காவது வெளிய வருவா. அங்க மாட்டுனாத்தான் வர மாட்டா. அதுக்குத்தான் பிளேன் எறங்குறப்ப அங்க போலீசுக்கு ஒரு போன் போகும். செவப்புப் பெட்டி... ஹேமாவதின்னு பேரு... அவ்வளவுதான்."

"அவ என்னைக் கை காட்டினா?"

"எதுக்கு ஒங்களைக் காட்டுறா? ஏண்ணே, இந்தச் சீமையில இருந்து சிங்கப்பூர் போறவன் எவனாச்சும் தன் சாமானை மட்டும் தூக்கிட்டுப் போறானா? பாதி ஊரு அவன் பெட்டியில போகும். பக்கத்து வீட்டுல ஏதாச்சும் மாவு குடுக்காமலா இருப்பாக? அதை எடுங்க, இதை வைங்க. அந்தம்மா என்ன சொல்லும்? பக்கத்து வீட்டு அக்கா குடுத்துச்சுன்னு சொல்லும்."

"அதுக்கப்புறம்?"

"அந்த ஊர் போலீஸ்காரன் சிரிப்பான். மாட்டுன எல்லாரும் அதைத்தான் சொல்லுவாக!"

மயில் அகவியது. இளமாறன் திடுக்கிட்டான்.

"பயமா?" என்றான் செம்மலை.

"வெயில்."

"போங்க. ஒரு சூடத்தைக் கொளுத்திட்டுப் போங்க. முருகன் எல்லாத்தையும் பாத்துக்கிருவான்."

இளமாறன் மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

3

சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன.

சிவப்பு, ஹேமாவுக்கு. கறுப்பு, அவனுக்கு.

கறுப்பில் ஐந்து சட்டை. சிவப்பில் ஊர்!

பின் தெருக் கருப்பம்மாள் மகளுக்கு ஒரு டின் அதிரசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். யாரோ நாரத்தங்காய் ஊறுகாய். யாரோ சீப்புச் சீடை. யாரோ பேத்திக்கு மருதாணிப் பொடி. ஹேமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். உருண்டை முகம். நாளைக்கு நாற்பது வயது. இதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவள்.

வாசலில் குரல் கேட்டது.

"ஏ ஹேமா! இருக்கியாம்மா?"

"வாங்க நபீஸாக்கா! ஒங்களைத்தான் நெனச்சேன். எல்லாரும் வந்தாச்சு, அக்காவ மட்டும் காணோமேன்னு."

அடுத்த வீட்டு நபீஸா. கையில் மஞ்சள் பை.

"வாஹிதுக்கு இடியாப்ப மாவும்மா. வறுத்துச் சலிச்சு வச்சேன். அங்கிட்டு கெடைக்கிற மாவு வாயில வைக்க முடியலங்கிறான். எடுத்துட்டுப் போறதுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்..."

"இதுல என்னக்கா கஷ்டம்? பிளேன்தான தூக்குது, நானா தூக்குறேன்?"

"தம்பி கோவிச்சுக்கப் போறாரு."

ஹேமா கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். கோபப்படுவான் என்றுதான் அவளும் எதிர்பார்த்தாள்.

இளமாறன் சிரித்தான்.

"குடுத்துட்டுப் போங்கக்கா. பெத்த பிள்ளைக்குத்தான கொண்டு போறோம்."

ஹேமாவின் கை அப்படியே நின்றது.

"என்னங்க... நெசமாவா? போன வருஷம் மதுரைக்கு ஒரு ஊறுகாப் பாட்டில் எடுத்துட்டுப் போனதுக்கே அந்தப் பேச்சுப் பேசுனீக!"

"அது உன் பொறந்தநாளா?"

நபீஸா வாயைப் பொத்திச் சிரித்தாள். "மாசா அல்லா! நாப்பதுலதாம்மா ஆம்பளைகளுக்குப் புத்தி வருது."

"இவுகளுக்கு நாப்பத்தஞ்சுக்கா. லேட்டு!"

இருவரும் சிரித்தபடி வாசலுக்குப் போனார்கள். பேச்சு வாசலிலும் தொடர்ந்தது. வாஹித் வந்து வாங்கிக்கொள்வான்... அவனுக்கு ஒரு பெண் பார்க்க வேண்டும்...

கூடத்தில் இளமாறன் மட்டும்.

மஞ்சள் பையைத் திறந்தான். நபீஸாவின் மாவை எடுத்தான். செம்மலையின் பாக்கெட்டை வைத்தான். பையை முன்பு இருந்த மாதிரியே முடிந்தான். சிவப்புப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில், அழுத்தி வைத்தான்.

 

நபீஸாவின் மாவு பட்டறைக் குப்பைக்குப் போனது. மரத்தூளோடு மரத்தூளாக.

ஹேமா திரும்பி வந்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள்.

"ஏங்க... கழுத்துக்கு என்ன போட்டுக்கிறது? தாலிச் செயின் போதுமா? இல்ல, அந்த முத்து மாலையா?"

இளமாறன் அவள் கழுத்தைப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"எதுன்னாலும் ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்."

"இப்பிடியெல்லாம் பேசாதீக. எனக்குப் பயமா இருக்கு!"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

4

கார் காரைக்குடியைத் தாண்டியது. ஹேமா ஜன்னலோரம். மடியில் கைப்பை. பைக்குள் இரண்டு பாஸ்போர்ட். நிமிஷத்துக்கொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

திருமயத்தில் காரை நிறுத்தச் சொன்னாள். கோட்டை பைரவருக்கு ஒரு சிதறுகாய். தேங்காய் நாலாபுறமும் தெறித்தது.

"என்ன வேண்டிக்கிட்ட?" என்றான், அவள் ஏறியதும்.

"சொன்னா பலிக்காதுன்னுவாக." பிறகு அவளே சொன்னாள். "ஒங்களுக்குத்தான். ரொம்ப நாளாத் தூங்காம கொள்ளாம இருக்கீகல்ல? என்னமோ மனசுல வச்சிக்கிட்டு மறுகுறீக. அது இந்தப் பயணத்தோட தீந்து போகணும்னு."

"தீந்துரும்."

புதுக்கோட்டை வந்தது. போனது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"பிளேன் கெளம்புறப்ப எப்பிடிங்க இருக்கும்?"

"ஒரு நொடி காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்புறம் பழகிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் தலையாட்டினாள். பயத்தோடும் ஆசையோடும்.

5

திருச்சி விமான நிலையம். மத்தியானம்.

வரிசை நீளமாக இருந்தது. சிவப்புப் பெட்டி எடைமேடையில் ஏறியது.

இருபத்து நாலரை!

கவுண்ட்டர் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு ஆளுக்கு இருபதுதான் மேடம். நாலரை கூட இருக்கு."

"அதிரசம்தாம்மா எடை இழுக்குது" என்றாள் ஹேமா.

"அதிரசமா இருந்தாலும் கிலோ கிலோதான் மேடம். எடுத்துடுங்க. இல்லன்னா பணம் கட்டணும்."

அப்போது இளமாறனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பெயர் இல்லாத எண்.

எடுத்தே ஆக வேண்டும்.

"ஹேமா, அந்த அதிரசத்தை எடுத்துக் கையில வச்சுக்க. கடையில இருந்து போன். பேசிட்டு வந்துர்றேன்."

தூண் ஓரமாக ஒதுங்கினான்.

"என்ன?"

"சிங்கப்பூர் ஆளு கேக்குறான்ணே. பெட்டியில ஒட்டுற சீட்டு நம்பர் வேணுமாம். அப்பத்தான் குறி தப்பாது."

"சீட்டு ஒட்டல இன்னும். வாங்கிட்டுச் சொல்றேன்."

"மறக்காதீக. என் போன்ல சார்ஜ் வேற எறங்கிக்கிட்டே இருக்கு. கடைசி நேரத்துல மனசு மாறிட மாட்டீகளே?"

"மாட்டேன்."

"அதான பாத்தேன். கல்லுல அடிச்ச மனசு ஒங்களுக்கு!"

இளமாறன் திரும்பி வந்தான்.

கவுண்ட்டரில் வேறு ஒரு குடும்பம் நின்றது.

ஹேமா கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் நாலைந்து குடும்பங்கள் அதே மாதிரி பெட்டியைத் திறந்து வைத்துப் போராடிக்கொண்டிருந்தன. ஒருவர் ஊறுகாயை மனைவியின் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் மூன்று சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சிவப்பு, கறுப்பு... இரண்டு பெட்டிகளையும் காணவில்லை.

"பெட்டி எங்க?"

"போயிருச்சு!" ஹேமாவின் முகத்தில் வெற்றி. "எல்லாம் முடிச்சிட்டேன். ஒங்களுக்காகக் காத்திருந்தா நடக்குமா? பின்னாடி வரிசை கத்துது. அந்தப் பிள்ளைகிட்ட ஒங்களைக் கை காட்டினேன். தூணுகிட்ட நிக்கிறாரு பாருன்னேன். எட்டிப் பாத்துட்டு ரெண்டு சீட்டையும் குடுத்துருச்சு."

"அதிரசத்தை எடுத்தியா?"

"எதுக்கு எடுக்கணும்? ஒங்க பெட்டி காத்தாடுது. ஒம்போது கிலோதான். பாதியை அதுல அள்ளி வச்சிட்டேன்."

இளமாறனுக்குக் காது அடைத்தது.

"எ... எதை வச்ச?"

"கையில வந்ததைத்தான். ஊறுகா டப்பா, மருதாணி, நபீஸாக்கா மாவு..."

"மாவையா?"

"ஆமா. ஏன் இப்பிடிப் பதறுறீக?"

"என் பெட்டியிலயா வச்ச?"

"ஒங்க பெட்டியிலதான். ஒங்க சட்டைக்கு நடுவுல பத்திரமா வச்சிருக்கேன். கொட்டாது!"

அவள் பயணச்சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். இரண்டு சின்னச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் அவள் பெயர்.

இன்னொன்றில்... இளமாறன்!

6

கவுண்ட்டருக்கு ஓடினான்.

"மேடம்! என் பெட்டி... கறுப்புப் பெட்டி... திரும்ப வேணும். மாத்திரை உள்ள இருக்கு."

"ஸ்கேனுக்குப் போயிருச்சே சார்." அவள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். "அவசரம்னா வரவழைக்கலாம். செக்யூரிட்டி முன்னாடி திறந்து எடுத்துக்கலாம். சொல்லட்டுமா?"

செக்யூரிட்டி முன்னாடி!

"வே... வேண்டாம். கைப்பையில இருக்குன்னு நினைக்கிறேன்."

நாற்காலியில் வந்து விழுந்தான். செம்மலைக்குப் போன் போட்டான். சிங்கப்பூர் போலீசுக்கு அந்தப் போன் மட்டும் போகக் கூடாது. அதை நிறுத்த வேண்டும்.

நீங்கள் தொடர்பு கொண்ட எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது...

மறுபடி.

அணைத்து வைக்கப்பட்டுள்ளது...

யோசித்தான். சீட்டு நம்பர் கொடுக்கவில்லை. ஆனாலும் போன் போகும். சிவப்புப் பெட்டி, ஹேமாவதி. அவளை நிறுத்துவார்கள். சிவப்பைக் கொட்டுவார்கள். ஒன்றும் இருக்காது. கூட வந்தது யார் என்று கேட்பார்கள். ஹேமா அவனைக் கை காட்டுவாள். தூணுக்குப் பக்கத்தில் நின்றவனைக் காட்டின அதே மாதிரி!

கறுப்பைத் திறப்பார்கள்.

மாட்டியவன் எல்லாம் சொல்கிற அதே கதையை அவனும் சொல்வான். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது...

சட்டையின் முதல் பித்தானைக் கழற்றினான்.

நெஞ்சு வலி என்று விழுந்தால்? பயணத்தை நிறுத்துவார்கள். பெட்டியை இறக்குவார்கள். கடைசி நேரத்தில் இறங்குகிற ஆளின் பெட்டியை இன்னும் கவனமாகத்தான் பார்ப்பார்கள்.

போனாலும் கயிறு. நின்றாலும் விலங்கு.

"வேர்த்துக் கொட்டுது ஒங்களுக்கு." ஹேமா முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். "பிளேனுக்குப் பயமா? நானே பயப்படல, நீங்க பயப்படுறீக. ஒரு நொடிதான்னு நீங்கதான சொன்னீக?"

இளமாறன் செம்மலையின் எண்ணை மறுபடி அழுத்தினான். 

அப்போது...

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணி இளமாறன்... சிங்கப்பூர் செல்லும் பயணி இளமாறன்... உடனடியாகப் பெட்டிப் பரிசோதனை அறைக்கு வரவும்."

ஹேமா எழுந்தாள். "ஒங்க பேருதாங்க!"

அவன் கேட்டிருந்தான்.

7

சின்ன அறை. ஏசி உறுமியது. அறை நடுவில் நீளமான மேஜை. அதன்மேல் கறுப்புப் பெட்டி.

மேஜைக்குப் பின்னால் பாதுகாப்பு அதிகாரி. சீருடையில் பெயர். தஸ்லிமா. முப்பது வயது இருக்கும். களைத்த முகம். சுவரோரம் இரண்டு காவலர்கள்.

"உட்காருங்க சார். இது உங்க பெட்டியா?"

"ஆ... ஆமா."

"நீங்களே அடுக்கினதா?"

"இல்ல."

"வேற யாரு அடுக்கினாங்க?"

"என்... என் மனைவி. இங்க வந்து... தரையில வச்சு..."

"சரி. பெட்டியைத் திறக்கணும். எதுக்குன்னா, உள்ளே ஒரு..."

"என்னோடது இல்ல மேடம்!"

தஸ்லிமா நிமிர்ந்தாள்.

அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. வாயிலிருந்து வார்த்தைகள் தாமாகவே வந்துகொண்டிருந்தன.

"அந்த மாவு என்னோடது இல்ல! சத்தியமா இல்ல! நான் அவ பெட்டியிலதான் வச்சேன்! சிவப்புப் பெட்டியில, சேலைக்கு அடியில வச்சேன்! அவதான் எடுத்து என் பெட்டியில மாத்திட்டா! என்னைத் தூக்குல போடாதீங்க மேடம்!"





சுவரோரம் நின்ற காவலர் ஒருவர் மெதுவாக நகர்ந்து கதவை மறைத்து நின்றார்.

தஸ்லிமா பக்கத்தில் இருந்த கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

பெட்டியின் உட்புறம் நிறம் நிறமாகத் தெரிந்தது. மூலையில் ஒரு சின்னச் செவ்வகத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். மாவைச் சுற்றி எந்த வட்டமும் இல்லை.

"பவர் பேங்க் சார்" என்றாள். "போன் சார்ஜ் போடுற பவர் பேங்க். பெட்டியில போகக் கூடாது. கையில எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."



"ஒரு நாளைக்கு இருபது பேரைக் கூப்பிடுறோம். எல்லாரும் ஸாரி மேடம்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அவள் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டாள். களைப்பு முகத்திலிருந்து போயிருந்தது.

"இப்ப... அந்த மாவைப் பத்திச் சொல்லுங்க."

8

சுங்க அதிகாரிகள் வந்தார்கள். பாக்கெட்டைக் கிழித்தார்கள். மேலே மாவு. தோண்டினார்கள். ஒரு சின்னக் குழாயில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினார்கள்.

நிறம் மாறியது.

மேஜைமேல் இருந்த இளமாறனின் போன் அதிர்ந்தது. பெயர் இல்லாத எண். தஸ்லிமா ஸ்பீக்கரைத் தட்டினாள். உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"அண்ணே! சார்ஜ் எறங்கிப் போச்சுண்ணே, இப்பத்தான் போட்டேன். செவப்புப் பெட்டி ஏறிருச்சா? நம்பரைச் சொல்லுங்க. அங்க ஆளு போனும் கையுமா உக்காந்திருக்கான். அண்ணே? ஏன் பேச மாட்டேங்கிறீக? பொண்டாட்டி பக்கத்துல இருக்காகளா?"

இருந்தாள்.

கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. பவர் பேங்க்கை வாங்கிக்கொள்ளச் சொல்லி யாரோ அவளையும் கூட்டி வந்திருந்தார்கள்.

"புதுசா வாங்கினேன். போன் சார்ஜ் நிக்க மாட்டேங்குதுன்னு" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "மாத்துற அவசரத்துல அதையும் சேத்து வச்சிட்டேன் போல."



அவள் மேஜைமேல் சிந்தியிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"எனக்கா?"

இளமாறன் தலை குனிந்தான்.

"என் பொறந்தநாளுக்கா?"

"ஹேமா... நான்..."

"வாஹிது வாங்க வந்திருப்பானே! அந்தப் பிள்ளையும்தான மாட்டியிருப்பான்? அவன் என்னங்க செஞ்சான் ஒங்களுக்கு? நபீஸாக்கா என்ன செஞ்சுச்சு? ராவெல்லாம் முழிச்சு வறுத்த மாவு அது! எங்க அது?"

"குப்பை..."

அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது கண் காய்ந்திருந்தது.

சுங்க அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"சார், உங்க சம்சாரத்துக்கு ஒரு நன்றி சொல்லுங்க. அந்தப் பவர் பேங்க் மட்டும் உள்ள இல்லன்னா நீங்க விமானம் ஏறியிருப்பீங்க. அங்க கயிறு. இங்க ஜெயில்தான்."

இளமாறன் அழுதான். விலங்கு மாட்டினார்கள். தூணையும் கவுண்ட்டரையும் தாண்டி அவனை நடத்திக்கொண்டு போனார்கள். தரையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஊறுகாயும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஹேமா திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா" என்றாள் தஸ்லிமா. குரல் தாழ்ந்திருந்தது. "இன்னைக்கு நீங்க போக முடியாது. வாக்குமூலம் தரணும். அதுக்கப்புறம் யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்களா? ஊருக்கு நாங்களே அனுப்பி வைக்கட்டுமா?"

"அதெல்லாம் நான் போயிக்கிருவேன்ம்மா. மறுபடி மாவு வறுக்கச் சொல்லணும். நபீஸாக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப... பயணம்?"

ஹேமா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நேராகக் கவுண்ட்டருக்கு நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே விலகி வழி விட்டார்கள்.

கவுண்ட்டர் பெண்ணுக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"மேடம்... டிக்கெட்டை ரத்து பண்ணிடட்டுமா?"

"எதுக்கு? அடுத்த வாரத்துக்கு மாத்து தாயி" என்றாள் ஹேமா. "ஆளு ஒண்ணு. கிலோ நாப்பது!"